ஹெலி ஏசி பாடம்: ‘இவக்குவேசன்’ என்பதற்குத் தமிழ்ச்சொல் வேண்டும், அச்சுக்குப் போகமுன்

கல்லடியிலிருந்து (மொழிபெயர்ப்பாளர்)

மடற்குழுவினருக்கு வணக்கம்.

குளிரூட்டல் தொழிற்பயிற்சிக் கைநூல் கடைசி அத்தியாயத்துக்கு வந்துவிட்டது. ஹெலிகொப்டரில் ஏசி பூட்டுவதும் பராமரிப்பதும்தான் பாடம். எங்கட வகுப்புப் பிள்ளைகள் சிலர் வளைகுடாவில் விமானக் கொட்டகைகளுக்கு உதவியாளர்களாகப் போக விண்ணப்பித்திருப்பதால் இந்த அத்தியாயம் சேர்ந்தது. வரும் திங்கட்கிழமை அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும்.

கொம்பிரசருக்கு அமுக்கி, கண்டென்சருக்கு ஒடுக்கி, இவாபரேட்டருக்கு ஆவியாக்கி என்று பாதி வழி சுகமாக வந்தேன். இடறுவது ஓர் இடத்தில்தான். கையேட்டில் மூன்று வேலைகள் அடுத்தடுத்து வருகின்றன. ரிக்கவரி என்றால் குழாய்க்குள் இருக்கிற கேஸை இயந்திரத்தால் இழுத்துச் சிலிண்டரில் சேர்ப்பது. இவக்குவேசன் என்றால் அதன் பிறகு வக்கியூம் பம்ப் போட்டு உள்ளே மிஞ்சிய காற்றையும் ஈரத்தையும் எடுப்பது. கடைசியில் சார்ஜிங், திரும்பக் கேஸை உள்ளே விடுவது. முந்திய பதிப்பில் முதல் இரண்டுக்குமே ‘வெளியேற்றல்’ என்று போட்டிருக்கிறார்கள். அதைப் படித்த மாணவன் ஒருவன் பயிற்சிக் கூடத்தில் சேர்விஸ் வால்வைத் திறந்து கேஸ் முழுவதையும் வெளியே விட்டான். கேட்டதற்கு, “வெளியேற்றச் சொல்லித்தானே மிஸ் புத்தகத்தில கிடக்கு” என்றான். அவனில் ஒரு குற்றமும் இல்லை. இந்த ஏசிக் கேஸான ஆர்-134ஏ ஓசோனைக் கெடுக்காது என்றாலும், புவியைச் சூடாக்குவதில் காபனீரொட்சைட்டைப் போல 1,430 மடங்கு என்று கணக்கிட்ட வாயு. இதைக் காற்றில் விடக்கூடாது என்று ஒரு பக்கம் பாடம் எழுதிவிட்டு, மறுபக்கத்தில் வெளியேற்று என்று எழுதினால் எப்படி?

மீளப்பெறல், வெற்றிடமாக்கல், நிரப்பல் என்று இப்போதைக்கு வைத்திருக்கிறேன். நடுச்சொல் சரியா?


காரைதீவிலிருந்து (ஓய்வுபெற்ற தமிழாசிரியர்)

மகள், ‘வெளியேற்றல்’ போகட்டும். ஆனால் ‘வெற்றிடமாக்கல்’ என்பதை ஒப்ப மனம் வரவில்லை. நம் நாட்டில் வெற்றிடம் என்றால் வர்த்தமானியில் வரும் பதவி வெற்றிடம். அது ஒருபுறம் கிடக்கட்டும். வெற்று இடம் என்றால் ஒன்றுமே இல்லாத இடம். உங்கள் பம்ப் அப்படி ஓர் இடத்தை உண்டாக்குகிறதா? கொஞ்சம் மிஞ்சும் அல்லவா?

தொல்காப்பியர் உரியியலில் “வறிது சிறிதாகும்” என்கிறார். இன்றைக்கு நாம் வறிது என்றால் வெறுமை என்று நினைக்கிறோம். அவர் காலத்தில் அது ‘சிறிது’. இயந்திரம் செய்வது உள்ளிருப்பதைச் சிறிதாக்குவது. ஆகவே ‘வறிதாக்கல்’. பொருளுக்குப் பொருந்துகிறது, மரபும் இருக்கிறது, வேறெந்தத் துறையும் இதைக் கையாளவில்லை.

இன்னொன்று. அத்தியாயத் தலைப்பில் ‘ஹெலிகொப்டர்’ என்று ஏன் போட்டீர்கள்? இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகள் நெடுங்காலமாக எழுதும் உலங்குவானூர்தி இருக்கிறதே. உலங்கு என்றால் கொசு என்று அகராதி சொல்லும். நின்ற நிலையில் நின்று இரைவதால் அப்பெயர் என்பார்கள். எனக்கு அது போதவில்லை. ‘உலமரல்’ என்று சுழற்சிப் பொருளில் ஒரு சொல் உண்டு. “அலமரல் தெருமரல் ஆயிரண்டும் சுழற்சி” என்பதில் வரும் அலமரலுக்கு அது உடன்பிறப்பு. உலம் என்ற சுழல் அடியிலிருந்தே உலங்கு பிறந்திருக்க வேண்டும். உலக்கை, உலவு, உலகு எல்லாம் அந்த வழியில் ஆராயத்தக்கவை. அடுத்த மடலில் விரிவாக எழுதுகிறேன்.


காத்தான்குடியிலிருந்து (ஏசி, பிரிட்ஜ் திருத்துநர்)

அஸ்ஸலாமு அலைக்கும். ஐயா மேல் மரியாதை வைத்தே எழுதுகிறேன்.

எங்கட கடைக்கு வேலை பழக வாற பொடியன் ‘வக்கியூம் அடி’ என்றால் பம்பைத் தூக்குவான். ‘கேஸ் அடி’ என்றால் சிலிண்டரைத் தூக்குவான். ‘வறிதாக்கு’ என்றால் என் முகத்தைப் பார்ப்பான். வறிய என்றால் எங்களுக்கு ஏழை. வறிய குடும்பங்களுக்கு உலருணவு என்று பள்ளிவாசல் பலகையில் எழுதுகிற சொல் அது. தொல்காப்பியர் காலத்துப் பொருளை நெஞ்சில் வைத்துக்கொண்டு ஒருத்தனும் வால்வு பூட்ட மாட்டான்.

‘வக்கியூம் செய்தல்’ என்றே போடுங்கள், ராத்தா. கடையிலும் கொட்டகையிலும் அதுதான் பேச்சு.


தோஹாவிலிருந்து (ஊர் கல்முனை, ஹெலிகொப்டர் பராமரிப்பு)

எல்லாருக்கும் வணக்கம். இந்த வேலையைக் கையால் செய்கிறவன் என்ற முறையில் கொஞ்சம் நீளமாக எழுத விடுங்கள்.

பெரிய ஜெட் விமானத்தில் எஞ்சினிலிருந்து எடுக்கிற அமுக்கக் காற்றையே விரியவிட்டுக் குளிராக்குவார்கள். சின்ன, நடுத்தர ஹெலியில் அப்படி எடுத்தால் எஞ்சின் வலு குறையும். அதனால் வீட்டு ஏசி போல கேஸ் சுற்றுகிற முறைதான் பெரும்பாலும். கொம்பிரசரைப் பெல்ட் போட்டு எஞ்சினோ கியர்பொக்ஸோ சுற்றும், அல்லது 28 வோல்ற் மோட்டார் சுற்றும். பூட்டி முடிந்தால் வேலை முடிந்ததென்று இல்லை. எடை மாறும், புவியீர்ப்பு மையம் மாறும், அதைத் திரும்பக் கணக்கிட்டுப் பதியவேண்டும். உரிமம் உள்ள பொறியியலாளர் கையெழுத்து வைக்காமல் அது பறக்காது. ஏறும்போதும் இறங்கும்போதும் ஏசியை நிறுத்தச் சொல்கிற கையேடுகளும் உண்டு, எஞ்சினின் முழு வலுவும் அப்போது வேண்டும் என்பதால்.

வீட்டு ஏசிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் அதிர்வு. ஹோஸ் ஒரு உலோக விளிம்பில் உரசிக்கொண்டே இருந்தால் நாளடைவில் தேயும். தேய்ந்த இடத்தில் எண்ணெய் கசிந்து, அதில் பாலைவனத் தூசி ஒட்டிக் கறுப்பாக ஒரு திட்டு தெரியும். லீக் பார்க்கிற கருவியை எடுக்கமுன் நான் டோர்ச் அடித்துத் தேடுவது அந்தத் திட்டைத்தான். ரப்பர் போட்ட கவ்விகளை ஒவ்வொன்றாகக் கையால் அசைத்துப் பார்ப்பேன். பிறகு நைதரசன் ஏற்றிச் சோதிப்போம். ஒட்சிசன் ஏற்றினால் எண்ணெயோடு சேர்ந்து வெடிக்கும். இதைக் கைநூலில் தடித்த எழுத்தில் போடுங்கள்.

அதன் பிறகுதான் நீங்கள் பெயர் தேடுகிற வேலை. கேஜில் 500 மைக்ரோனுக்குக் கீழே இறக்கி, வால்வை மூடி, பம்பை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருப்போம். முள் கொஞ்சம் ஏறி நின்றுவிட்டால் உள்ளே ஈரம். ஏறிக்கொண்டே போனால் லீக். உலர்த்திப் போத்தலின் மூடியைக் கடைசி நேரம்தான் கழற்றுவோம், திறந்து வைத்தால் வெளியில் உள்ள ஈரத்தை எல்லாம் அது குடித்துவிடும்.

ஆகவே என் பங்குக்கு ஒன்று. விமானத் துறையில் ‘இவக்குவேசன்’ என்ற அதே சொல் பயணிகளை அவசரமாக இறக்குவதற்கும் வரும். அதற்குத் தமிழில் ‘வெளியேற்றம்’ என்றுதான் எழுதமுடியும், வெள்ள காலத்தில் ஊரிலும் அப்படித்தானே சொல்கிறோம். ஒரே கையேட்டில் அந்தச் சொல்லைக் குழாய்க்குக் கொடுக்கவே கூடாது. மற்றபடி எது வைத்தாலும் எனக்குச் சம்மதம்.


கோயம்புத்தூரிலிருந்து

நண்பர்களுக்கு வணக்கம். ‘வளிநீக்கம்’ என்று வைக்கலாமே? சுருக்கமாக இருக்கிறது. அதோடு, கொம்பிரசரை ‘அமுக்கி’ என்பது எங்கள் காதுக்குப் பொருந்தவில்லை. அழுத்தம் என்பதே சரியான சொல். அமுக்கம் கொச்சையாகப் படுகிறது. இரு நாட்டுக்கும் பொதுவான சொல் அமைந்தால் நல்லது.


அக்கரைப்பற்றிலிருந்து (பௌதிகவியல் ஆசிரியர்)

கோவை நண்பருக்கு: எங்கள் பாடநூல்களில் அமுக்கம் பல தலைமுறையாக வழங்கும் கலைச்சொல். அழுத்தம் என்றால் இங்கே மின்னழுத்தம், ‘அழுத்த வித்தியாசம்’ என்று மின்னியலில் வரும். 28 வோல்ற் மோட்டார் சுற்றுகிற கொம்பிரசரைப் பற்றிய பாடத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால், எந்த மானியை எங்கே வைப்பது என்று மாணவன் திணறுவான். உங்கள் ஊரில் உங்கள் வழக்கு சரி. இந்த நூல் இந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு. கொச்சை என்ற சொல்லை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

இனி ‘வளிநீக்கம்’. ஹோஸுக்குள் இருக்கிற காற்றைச் சிறிது கேஸால் தள்ளிவிடுவதும் வளிநீக்கம்தானே. அது வேறு வேலை, அதற்கு ‘பேர்ஜிங்’ என்று தனிப்பெயர் இருக்கிறது. தவிர, நாங்கள் அகற்றுவது வளியை மட்டுமல்ல. காற்று உள்ளே நின்றால் ஒடுக்கியில் தங்கி, திரவமாக ஒடுங்காமல் அமுக்கத்தை ஏற்றும். ஈரம் நின்றாலோ விரிவு வால்வின் சின்னத் துவாரத்தில் பனியாகி அடைக்கும், எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகும். ஈரத்தைக் கையால் துடைக்க வழியில்லை, கொதிக்க வைத்துத்தான் எடுக்கவேண்டும். 30 பாகை வெப்பநிலையில் தண்ணீர் கொதிக்க, அமுக்கம் ஏறத்தாழ 32 மில்லிமீற்றர் இரசத்துக்கு இறங்கவேண்டும். வளிமண்டலம் 760. தோஹாத் தம்பி சொன்ன 500 மைக்ரோன் என்பது அரை மில்லிமீற்றர், அதாவது வளிமண்டலத்தின் 1,520இல் ஒரு பங்கு.

இந்த எண்ணைப் பார்த்தால் காரைதீவு ஐயாவின் ‘சிறிதாகும்’ எவ்வளவு பொருத்தம் என்று தெரிகிறது. பௌதிகப்படி அவர் சொல்வது முற்றிலும் சரி. ஆனால் வெற்றிடம் என்பதை எட்டாம், ஒன்பதாம் ஆண்டிலேயே எல்லாப் பிள்ளைகளும் படித்துவிடுகிறார்கள். தெரிந்த சொல்லிலிருந்து பிறந்த சொல் மனதில் நிற்கும். என் வாக்கு வெற்றிடமாக்கலுக்கு. அதன் கீழே ‘வளியும் ஈரமும் அகற்றல்’ என்று விளக்கம் ஒரு வரி போடுங்கள்.


காரைதீவிலிருந்து

பொருள் சரி, சொல் வேண்டாம் என்கிறீர்கள். எல்லாச் சொல்லும் முதல் நாளில் அறியாத சொல்தான். அமுக்கியும் ஒடுக்கியும் தாயின் மடியில் கேட்ட சொற்களா? வகுப்பறையில் நூறு தடவை சொன்னதால் சொந்தமாயின.

எங்கள் ஊரில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1936இல் சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். விஞ்ஞானம் படித்தவர், பண்டிதரும் அவர்தான். அவர் அடங்கிய கல்லடி மண்ணிலிருந்து வரும் ஒரு நூல் ‘வக்கியூம் செய்தல்’ என்று அச்சேறுவதை என்னால் ஏற்க இயலாது. வெற்றிடமாக்கலையாவது பொறுத்துக்கொள்வேன்.

காத்தான்குடித் தம்பி வறுமையைச் சுட்டிக்காட்டியது நியாயமான கேள்வி. அதை மறுக்கமாட்டேன். ஆனால் ‘வறிதே’ என்று இன்றும் எழுதுகிறோம், அங்கே ஏழ்மை இல்லையே.


காத்தான்குடியிலிருந்து

ஐயா, அடிகளாரை நானும் மதிக்கிறவன். என் கவலை எல்லாம் கச்சான் வீசுகிற வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, வியர்வை கண்ணில் இறங்க வேலை செய்கிற பிள்ளையைப் பற்றியது. அவன் ஒரு சொல்லை இரண்டு தரம் யோசிக்கக்கூடாது. ‘வெற்றிடமாக்கல்’ என்றால் எனக்கும் விளங்குது. பக்கத்தில் ‘வக்கியூம் அடித்தல்’ என்று ஒரு தடவை போட்டால் போதும்.

‘நிரப்பல்’ மட்டும் ஒத்துவராது. நிரப்பு என்றால் கழுத்து மட்டும் ஊற்றுவான். ஹெலிக்குக் கேஸ் நிறையில் அளந்து, தகட்டில் எழுதின அளவுக்குத்தான் ஏற்றணும். கூடினாலும் பிழை, குறைந்தாலும் பிழை. ‘ஏற்றல்’ என்று மாற்றுங்கள்.


தோஹாவிலிருந்து

ஏற்றலுக்கு என் இரண்டு கையும். தராசில் வைத்துத்தான் ஏற்றுகிறோம், கேஜைப் பார்த்து அல்ல.


கல்லடியிலிருந்து

நன்றி. காத்தான்குடிக் காக்கா சொன்ன ‘ஏற்றல்’ நூலில் ஏறிவிட்டது. நடுச்சொல்லுக்கு இன்று இரவு வரை வந்த மடல்களில் பெரும்பான்மை ‘வெற்றிடமாக்கல்’ பக்கம் நிற்கிறது. கோவை நண்பர் வளிநீக்கத்தை விலக்கிக்கொள்வதாகத் தனிமடலில் எழுதியிருக்கிறார். அமுக்கத்தை அவர் ஏற்கவில்லை, ஏற்கவேண்டும் என்று நானும் கேட்கவில்லை. அக்கரைப்பற்று சேர் சொன்ன விளக்க வரியும், ‘வக்கியூம் அடித்தல்’ என்ற பேச்சு வழக்கும் அதே பக்கத்தில் வரும். ‘வெளியேற்றம்’ பயணிகளுக்கு மட்டும். தலைப்பில் உலங்குவானூர்தி, உள்ளே ஹெலி.

மீளப்பெறல் பகுதியில் ஒரு படம் சேர்த்திருக்கிறேன்: வால்வு, ஹோஸ், இயந்திரம், சிலிண்டர், ஒன்றிலிருந்து ஒன்றுக்கு அம்புக்குறி. அம்பு எந்த இடத்திலும் வெளிக்காற்றைத் தொடாது. இனி எந்தப் பிள்ளையும் வால்வைத் திறந்து விடக்கூடாது.


காரைதீவிலிருந்து

பெரும்பான்மைக்குத் தலை வணங்குகிறேன், கருத்தை மாற்றவில்லை. பின்னிணைப்புச் சொற்பட்டியலில் ‘வெற்றிடமாக்கல், வறிதாக்கல் எனவும் முன்மொழியப்பட்டது’ என்று ஒரு வரி வேண்டும், மகள். உலங்கு பற்றிய மடல் நாளை வரும்.


கல்லடியிலிருந்து

போடுகிறேன் ஐயா.

இன்னும் ஒன்று மிச்சம். ஹீற்றர் பகுதியில், எஞ்சினின் கொம்பிரசரிலிருந்து எடுக்கும் சூடான காற்றுக்கு ‘பிளீட் எயர்’ என்று வருகிறது. ‘பிளீட்’ என்பதை இரத்தம் கசிவதாக எடுத்து, பழைய மொழிபெயர்ப்பு ஒன்றில் ‘குருதிக் காற்று’ என்று கிடக்கிறது. திங்களுக்கு முன் யாராவது உதவுங்கள்.