முதல் கேமிங் கம்ப்யூட்டர்: பாகங்கள் தேர்வில் உதவி வேண்டும்

நண்பர்களே, வணக்கம். சொந்தமாக ஒரு கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப் போகிறேன். மானிட்டர் ஏற்கெனவே இருக்கிறது (1080பி, 144 ஹெர்ட்ஸ்). மற்றதெல்லாம் சேர்த்து 90,000 ரூபாய்க்குள் முடிக்க வேண்டும். பெரும்பாலும் வேலரண்ட், ஜிடிஏ 5, சைபர்பங்க் 2077 விளையாடுவேன்.

குழப்பம் பிராசஸரில்தான். ரைசன் 5 7600 வாங்கினால் ஏஎம்5 (பிராசஸர் பொருத்தும் புதிய சாக்கெட் வகை) போர்டு வரும், பின்னாளில் பிராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அதற்கு டிடிஆர்5 ரேம்தான் பொருந்தும், அதன் விலை ஏறிக் கிடக்கிறது. ரைசன் 5 5600 எடுத்தால் டிடிஆர்4 போதும். மிச்சமாகும் பணத்தைக் கிராபிக்ஸ் கார்டில் போடலாம். ஆனால் அதற்கான பழைய ஏஎம்4 போர்டில் பின்னாளில் பெரிதாக மேலே போக வழியில்லை. இரண்டிலும் 6 கோர்தான் என்பதால் என் மனம் 5600 பக்கம் சாய்கிறது. இது சரியா?

கார்டில் ஆர்டிஎக்ஸ் 5060-க்கு 8 ஜிபி நினைவகம்தான். ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபியிலும் கிடைக்கிறது. சைபர்பங்கில் ரே டிரேசிங் (ஒளி, நிழலை நிஜம்போல் காட்டும் வசதி) போட்டு விளையாட ஆசை. இந்த இரண்டையும் பயன்படுத்தியவர்கள் சொன்னால் பெரிய உதவி.

சேமிப்புக்கு 1 டிபி என்விஎம்இ (வேகமான வகை) எஸ்எஸ்டி, அதில் சந்தேகமில்லை. பவர் சப்ளையில் மட்டும் காசு மிச்சம் பிடிக்க மாட்டேன். எங்கள் பகுதியில் மின்னழுத்தம் அடிக்கடி ஏறி இறங்கும். 550 வாட் போதுமா, 650-க்குப் போகலாமா? இந்த கம்ப்யூட்டரைத் தாங்க எத்தனை விஏ (யுபிஎஸ் திறனின் அளவு) யுபிஎஸ் வேண்டும்?

சென்னை ரிச்சி தெருவில் நேரில் வாங்கியவர்கள், பில்லும் வாரண்டியும் ஒழுங்காகக் கொடுக்கும் கடை தெரிந்தால் சொல்லுங்கள்.