பொருள்: அன்னாசியின் சாய்ந்த வரிசைக்கு ஒரு சொல் (வியாழனுக்குள்)

கணக்கு டீச்சர்:
வணக்கம். ஒன்பதாம் வகுப்புக்கு இயற்கையில் உள்ள கணக்கைப் பற்றி ஒரு கையேடு எழுதியிருக்கிறேன். வியாழன் அச்சுக்குப் போகிறது, ஒரே ஒரு சொல்லில் நிற்கிறேன். அன்னாசியின் கண்கள் சாய்வாகச் சுற்றி ஏறுமே, ஒரு சாய்வில் எண்ணினால் 8, எதிர்ச்சாய்வில் 13. சூரியகாந்தியில் பெரும்பாலும் 34, 55. எல்லாம் ஃபிபனாச்சி எண்கள், முந்தின இரண்டைக் கூட்டினால் அடுத்தது. இப்படி ஏறும் வரிசை ஒன்றுக்குத் தாவரவியலில் பராஸ்டிக்கி என்று பெயர். ‘சுருள்’ என்று சொல்லிப் பார்த்தேன். “எந்தச் சுருள் மிஸ், இந்தப் பக்கமா அந்தப் பக்கமா?” என்கிறார்கள்.

புலவர் ஐயா:
கிரேக்கத்தில் ‘பரா’ பக்கம், ‘ஸ்டிக்கோஸ்’ வரிசை. எனவே மருங்குநிரை. இதில் விவாதத்துக்கு இடமில்லை.

கணக்கு டீச்சர்:
ஐயா, அடுத்த வருஷம் அணிகள் பாடத்தில் கிடைவரிசைக்கு நிரை என்று படிக்கப்போகிறார்கள். சாய்ந்ததும் நிரை என்றால் விடைத்தாள் திருத்தும்போது நான்தான் அழ வேண்டும்.

மென்பொருள் தம்பி:
திருகாணியில் சுற்றிப் போவது மரை. அதையே வைக்கலாமே?

புலவர் ஐயா:
நல்ல சொல். தாமரையில் உள்ள மரையும் இதுவே என்பது என் நெடுநாள் துணிபு. இதழ்கள் சுற்றியடுக்கிய பூ அல்லவா? தனியே எழுதுகிறேன்.

தாவரவியல்காரர்:
காட்டில் மரை என்று ஒரு மானும் உண்டு ஐயா, அதையாவது சுற்றாமல் விடுங்கள். தவிர, ‘மரை கழன்ற அன்னாசி’ என்று வகுப்பு சிரிக்கும்.

கயிற்றுக்காரர்:
எங்கள் வீட்டில் கயிறு திரித்தவர்கள் மூணு புரி, நாலு புரி என்றுதான் எண்ணுவார்கள். அன்னாசிக்கு எட்டுப் புரி, பதின்மூன்று புரி. பிள்ளைகள் கேட்ட ‘எந்தப் பக்கம்’ என்பதற்கும் விடை உண்டு: வலம்புரி, இடம்புரி. சங்கிலிருந்து ஆண்டாள் வரை எல்லார் வாயிலும் புழங்கிய சொல்.

தாவரவியல்காரர்:
இங்குதான் பிடிவாதமாக மறுக்கிறேன். கயிற்றில் புரி நிஜம். இங்கே அது கண்ணுக்குத் தெரியும் தோற்றம். சூரியகாந்தியில் அடுத்தடுத்துத் தோன்றும் மொட்டுகள் ஏறக்குறைய 137.5 பாகை தள்ளித் தள்ளி வருகின்றன, பக்கத்தில் பக்கத்தில் அல்ல. பிறந்த வரிசைப்படி எண் போட்டால், எட்டு வரிசையுள்ள சாய்வில் அடுத்தடுத்த கண்கள் 1, 9, 17 என்று எட்டெட்டாகத் தாவும். பிறந்த வழி ஒரே சுருள்தான். புரி என்ற சொல்லை அதற்கு ஒதுக்குங்கள். 1992-இல் தூவாதி, கூடே என்ற இயற்பியலாளர்கள் இருவர் காந்தப்புலத்தில் காந்தத் திரவச் சொட்டுகளை விட்டே இந்த அமைப்பை வரவழைத்தார்கள். செடிக்கு எண்ணத் தெரியாது, இடம் பார்த்து உட்காரத்தான் தெரியும். அதே கூட்டல் முறையில் 1, 3, 4, 7, 11 என்று போகும் லூக்கா எண்களில் அமையும் செடிகளும் உண்டு, அதையும் ஒரு வரி எழுதுங்கள்.

புலவர் ஐயா:
ஃபிபனாச்சி என்றே ஏன் எழுத வேண்டும்? அவர் நூல் 1202. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்று மாத்திரை வைத்து, இத்தனை மாத்திரைக்கு எத்தனை வகைச் செய்யுளடி அமையும் என எண்ணி 1, 2, 3, 5, 8 என அடுக்கியவர்களில் சமணப் புலவர் ஹேமச்சந்திரர் அவருக்கு முன்பே…

கணக்கு டீச்சர்:
ஐயா, வியாழன்!

நேற்று மாலை பழக்கடைக்காரரிடமே கேட்டுவிட்டேன். கண்ணைத் தனித்தனியாகத் தோண்டாமல் கத்தியைச் சாய்த்து ஒரே இழுப்பில் வாய்க்கால் போல எடுக்கிறார், நாலைந்து கண் ஒன்றாக வருகிறது. இதற்குப் பேர் என்னண்ணே என்றேன். “வரிதான், வேற என்ன?”

தாவரவியல்காரர்:
சாய்வரி! தோற்றத்துக்குத் தோற்றச் சொல். என் ஓட்டு இதற்கே.

கயிற்றுக்காரர்:
சாய்வரியில் வலம் இடம் எப்படிச் சொல்வீர்கள்? வலச்சாய்வரியா? நாக்கு சுளுக்கிக்கொள்ளும்.

கணக்கு டீச்சர்:
புரிக்கு ஐந்து பேர், சாய்வரிக்கு மூவர், மருங்குநிரைக்கு ஐயா. ‘புரி’ போட்டு அனுப்பிவிட்டேன். முதல் இடத்தில் மட்டும் அடைப்பில் பராஸ்டிக்கி. 1, 9, 17 தாவலைப் பயிற்சிக் கணக்காக வைத்திருக்கிறேன்.

தாவரவியல்காரர்:
என் மறுப்பு அப்படியே இருக்கிறது. பிறந்த வழிக்கு இப்போது என்ன சொல் வைப்பீர்கள்?

புலவர் ஐயா:
இரண்டாம் பதிப்பு எப்போது?