சவாயீ தீவில் மூலிகை அறிவைக் கற்கச் செல்வது பற்றிச் சில ஐயங்கள்

தாழைமடல்:
வணக்கம். தாவரவியலில் முதுகலை முடித்திருக்கிறேன். மருந்துக்குப் பயன்படும் மமாலா மரத்தைப் பற்றிப் படித்த நாள் முதல், பசிபிக் தீவு நாடான சமோவாவில் சவாயீ தீவின் மேற்கு முனையிலுள்ள ஃபலேயாலுபோ கிராமத்தில் ஒரு மாதம் தங்கி, அங்குள்ள மூதாட்டிகளிடம் மூலிகைப் பயன்பாட்டைக் கற்க விரும்புகிறேன். மருத்துவச்சியின் வீட்டுக்கு நேரே போகலாமா? கட்டணமாக எவ்வளவு கொடுப்பது முறை? செடி மாதிரிகளைக் கொண்டு வர முடியுமா?

கடற்பறவை:
நேரே போகாதீர்கள். ஊருக்குள் நுழைவதற்கே மத்தாய் எனப்படும் குடும்பத் தலைவர்களின் இசைவு வேண்டும். சவாயீயில் வேறொரு கிராமத்தில் நான் தங்கியபோது, முதல் நாள் சுவரில்லாத ‘ஃபலே’ வீட்டில் பாயில் உட்கார்ந்து கால் மரத்துப்போக, அறியாமல் எதிரே இருந்த பெரியவரை நோக்கிக் காலை நீட்டிவிட்டேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒரு சிறுவன் எழுந்து வந்து, என் கால்கள் மேல் ஒரு பாயைப் போர்த்திவிட்டுப் போனான். அதற்குப் பிறகு நான் சம்மணம் கலைக்கவே இல்லை.

வரவேற்பில் ‘அவா’ தருவார்கள். பெயரைக் கேட்டு ஆசை என்று எண்ண வேண்டாம். அது மிளகும் வெற்றிலையும் சேர்ந்த இனத்துச் செடி ஒன்றின் வேரை இடித்து நீரில் கரைத்த பானம். சிரட்டையில் வாங்கியதும் சில துளிகளைத் தரையில் சிந்திவிட்டு, ‘மானுயா’ என்று சொல்லிக் குடிக்க வேண்டும். நாக்கு சற்று மரத்துப்போகும். மாலையில் ‘ஸா’ எனும் வழிபாட்டு நேரத்துக்கு மணியோ சங்கோ ஒலித்தால், தெருவில் நடமாடக் கூடாது.

‘தௌலாசெயா’ எனப்படும் மருத்துவச்சிகள் மரபுப்படி கட்டணம் கேட்பதில்லை என்பதால், அரிசி, துணி போன்றவற்றை அன்பளிப்பாகக் கொண்டு செல்வது நல்லது. இந்த அறிவு பெரும்பாலும் தாயிடமிருந்து மகளுக்குச் செல்வது. எல்லாவற்றையும் உங்களிடம் சொல்வார்கள் என எதிர்பார்க்காதீர்கள்.

நுணாமரம்:
மாதிரிகள் குறித்து மட்டும் சொல்கிறேன். மமாலாவின் தண்டை நீரில் ஊறவைத்து மஞ்சள் காமாலைக்குத் தரும் வழக்கத்தை, 1984-இல் எபெனேசா மௌயிங்கோவா என்ற மருத்துவச்சி பால் காக்ஸ் என்ற தாவரவியலாளருக்குக் கற்பித்தார். அதிலிருந்து பிரிக்கப்பட்ட புரோஸ்ட்ராட்டின் என்ற வேதிப்பொருள், எச்.ஐ.வி. ஆய்வில் கவனம் பெற்றது. பள்ளி கட்டும் செலவுக்காகக் காட்டை மரவெட்டிகளுக்கு விட நேர்ந்த ஃபலேயாலுபோ ஊருக்கு, காக்ஸ் பணம் திரட்டித் தந்ததால்தான் 30,000 ஏக்கர் காடு தப்பியது. 2001-இல் போடப்பட்ட ஒப்பந்தத்தில் மருந்தின் வருவாயில் 20 விழுக்காடு சமோவாவுக்கு என எழுதப்பட்டு, அதற்குள் கிராமத்துக்கும் மருத்துவச்சிகளின் வழித்தோன்றல்களுக்கும் தனித்தனிப் பங்கு ஒதுக்கப்பட்டது. மருந்து இன்னும் கடைக்கு வரவில்லை. ஆகவே ஓர் இலையானாலும் ஊராரின் இசைவையும் அரசின் அனுமதியையும் எழுத்தில் பெறாமல் பறிக்காதீர்கள். உயிருள்ள செடியோ விதையோ என்றால், இந்தியாவின் தாவரத் தொற்றுத்தடுப்பு விதிகளின்படி முன்கூட்டியே இறக்குமதி அனுமதியும் தேவை.

தாழைமடல்:
மிக்க நன்றி. பயணத்தை நவம்பரில் வைத்திருந்தேன்.

கடற்பறவை:
அது புயல் பருவத்தின் தொடக்கம். 1990-இல் ‘ஓஃபா’ புயலும் மறு ஆண்டு ‘வால்’ புயலும் அந்த முனையைத்தான் அழித்தன. ஜூனுக்கு மாற்றுங்கள், சம்மணமிட்டு உட்காரும் பயிற்சியை இன்றே தொடங்கலாம்.