புதுப்பிப்பு: ஃபைபர் படகின் கசிவு பிடிபட்டது

பழைய ஃபைபர் படகின் அடியில் தண்ணீர் ஊறுவது எங்கிருந்து என்று கேட்டிருந்தேன். பலர் சொன்னபடி கட்டை மேல் ஏற்றி, வெளிப்புறத்தைத் துடைத்துவிட்டு உள்ளே தண்ணீர் ஊற்றினோம். கொஞ்சமாகத்தான், 1,000 லிட்டர் என்றால் ஒரு டன், கரையில் நிற்கும் படகு தாங்காது.

மணலில் தேய்ந்த அடிப்பகுதியில் பொட்டு ஈரமில்லை. பின்பலகையில் தண்ணீர் வடிக்கும் அடைப்பான் துளையைச் சுற்றித்தான் சொட்டியது. உள்ளிருக்கும் பிளைவுட் அங்கே ஊறிப் பஞ்சாகிவிட்டது. சிலிக்கோன் அடைப்புப் பசை பூசலாம் என்றவர்களுக்கு: வேண்டாம், அப்புறம் அதன்மேல் எதுவுமே ஒட்டாது.

இற்ற மரத்தைச் சுரண்டி, நன்றாகக் காயவிட்டு, எபாக்ஸியை (இரண்டு பொருள் கலந்ததும் கெட்டியாக இறுகும் பசை) இழைத்தூள் கலந்து அடைத்தேன். இறுகியதும் அதிலேயே புதுத் துளை போட்டாச்சு. இப்போது சொட்டு இல்லை. எஞ்சின் போல்ட் துளைகளும் அடுத்து இதே முறையில்.