பிராய்லருக்கு மஞ்சள், பூண்டு, அசோலா கொடுத்தா எடை கூடுமா?

கொங்குப் பண்ணை:
சொந்தமா குஞ்சு வாங்கி விடுறவங்களுக்குச் சொல்றேங்க. ஆன்டிபயாட்டிக் இல்லாமலே பிராய்லர் வளர்க்கலாம். கிலோ தீவனத்துக்கு 5 கிராம் மஞ்சள் தூள், கொஞ்சம் பூண்டு, முருங்கை இலைப்பொடி, கூடவே தண்ணில மிதந்து வளர்ற சின்னச் செடியான அசோலா. குடல் நல்லா இருந்தா தின்னது உடம்புல ஒட்டும். வளர்ச்சிக்காக ஆன்டிபயாட்டிக் கலக்குறதை ஐரோப்பிய ஒன்றியம் 2006லயே தடை செஞ்சிருச்சு. நாம இன்னும் எதுக்குக் காத்திருக்கணும்?

தீவனக் கலவையாளர்:
அண்ணே, மஞ்சளை விடுங்க, அசோலாவுக்கு மட்டும் கணக்குப் போடுவோம். பச்சை அசோலால 90 சதவீதத்துக்கு மேல தண்ணி. ஒரு கிலோவைக் காய வெச்சா 60 கிராம் தேறும். அதுல புரதம் 15 கிராம் கூட வராது. அஞ்சாவது வாரத்துக் கோழி ஒரு நாளைக்குத் தின்னுற 150 கிராம் தீவனத்துல மட்டும் 30 கிராம் புரதம் இருக்கு. அசோலாவால அதை ஈடுகட்டணும்னா தினமும் 2 கிலோ தின்னாகணும். கோழியோட எடையே அவ்வளவுதான்! நாட்டுக்கோழிக்குச் சரி, பிராய்லருக்கு இரைப்பைதான் ரொம்பும். முருங்கை இலையும் அளவு மீறினா நார் கூடி வளர்ச்சி இறங்கும்.

கொங்குப் பண்ணை:
தீவனத்துல புரதத்துக்குப் போடுற சோயாவை எடுத்துட்டு அசோலா போடச் சொல்லலையேங்க. முழுத் தீவனத்தோட சேர்த்துத்தான். மழைக்காலத்து மக்காச்சோளத்துல பூஞ்சை நஞ்சு வந்தா ஈரல் கெட்டு எடை நின்னுபோகுது. அந்தப் பாதிப்பை மஞ்சள் குறைக்குதுன்னு ஆராய்ச்சியே இருக்கு. ஒண்ணு மட்டும்: கடைத் தூள் வேண்டாம். நிறத்துக்கு ஈய குரோமேட்ங்கிற நச்சுச் சாயத்தைச் சிலர் கலக்குறாங்க. கிழங்கு வாங்கி நீங்களே அரைங்க.

தீவனக் கலவையாளர்:
மஞ்சள் விஷயத்துல எனக்கு மறுப்பில்லை. ஆனா பூஞ்சை புடிச்ச சோளத்தை வாங்காம இருக்குறதுதான் முதல் வேலை. ஐரோப்பாவைச் சொன்னீங்க. டென்மார்க் பிராய்லர் பண்ணைக்காரங்க வளர்ச்சிக்கான ஆன்டிபயாட்டிக்கை 1998லயே நிறுத்தினாங்க. ஒரு கிலோ எடை கூட எத்தனை கிலோ தீவனம் ஆகுதுங்கிற தீவன மாற்று விகிதம் (எஃப்சிஆர்) பெருசா கெடலை, சாவும் கூடலை. அவங்களைக் காப்பாத்தினது பூண்டா? சுத்தமான ஷெட், காற்றோட்டம். ரத்தக்கழிச்சலுக்கான மருந்தையும் அவங்க விடலை.

கால்நடை மருத்துவ மாணவி:
அந்தக் கடைசி விஷயத்தைக் கவனிங்க. மஞ்சள் போடுறோம்னு, ரத்தக்கழிச்சலை உண்டாக்குற காக்சிடியா கிருமிக்கான மருந்தை நிறுத்திட்டு, ஈரமான தேங்காய் நார்ல குஞ்சு விட்டா ரத்தக்கழிச்சல் நிச்சயம். தரையில பரப்புன நாரைக் கிளறிக் காய வைங்க. நோய் வந்தா டாக்டரைக் கூப்பிடுங்க, கடைக்காரர் தர்ற பாக்கெட்டைத் தண்ணில கலக்காதீங்க. கொலிஸ்டின்ங்கிற ஆன்டிபயாட்டிக்கைக் கோழிக்கும் கால்நடைக்கும் கொடுக்குறதை 2019ல இந்தியா தடை செஞ்சதே, மனுஷனுக்குக் கடைசியா மிச்சமிருக்குற மருந்துகள்ல அது ஒண்ணுங்கிறதாலதான்.

ஒப்பந்தப் பண்ணையாளர்:
எங்களுக்குக் குஞ்சும் தீவனமும் கம்பெனி கொடுக்குது. நாங்க கிலோவுக்கு இவ்வளவுன்னு கூலி வாங்குறவங்க. சூப்பர்வைசருக்குத் தெரியாம எதையாவது கலந்து எஃப்சிஆர் ஏறுச்சுன்னா கூலியில பிடிப்பாங்க. இந்த வைத்தியமெல்லாம் சொந்தப் பண்ணைக்குத்தாங்க.

கொங்குப் பண்ணை:
உங்க நிலைமை புரியுதுங்க. அதனாலதான் சொந்தப் பண்ணைக்காரங்களாவது செஞ்சு காட்டணும்ங்கிறேன். அடுத்த பேட்ச்ல ஷெட்டை நடுவுல தடுத்து, ஒரு பக்கம் மட்டும் மஞ்சளும் பூண்டும் கலக்குறேன்.

தீவனக் கலவையாளர்:
செய்யுங்கண்ணே, நானும் வந்து பார்க்குறேன். ஒரே ஹேச்சரியில (குஞ்சு பொரிக்குற இடத்துல) வாங்கின குஞ்சா இருக்கட்டும். ஒரு பக்கம் வெயில், ஒரு பக்கம் நிழல்னு இருக்கக்கூடாது. தீவன மூட்டையைப் பக்கத்துக்குத் தனித்தனியா எடை போட்டு எழுதுங்க. செத்த கோழியோட எடையையும் விடாதீங்க. மஞ்சள், பூண்டு வாங்கின காசைத் தீவனச் செலவுலயே சேர்த்துருங்க.