அசல் மாறாத எம்ஜிபியா, மாற்றிக் கட்டிய எம்ஜிபியா? வாங்குவதற்கு முன் ஆலோசனை தேவை

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். பல ஆண்டுகளாகச் சேர்த்த பணத்தில் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கத் தீர்மானித்து, பிரிட்டனின் எம்ஜி நிறுவனம் 1966ஆம் ஆண்டில் தயாரித்த இரண்டு எம்ஜிபி திறந்த கார்கள்வரை வந்து நிற்கிறேன். இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரே விலை சொல்கிறார்கள். ஆகவே பணத்தை வைத்து முடிவெடுக்க வழியில்லை.

முதல் வண்டி தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கிறது என்று விற்பவர் உறுதியாகச் சொல்கிறார். 1798 சிசி எஞ்சின், இரண்டு எஸ்யூ கார்புரேட்டர்கள், பேட்டரிக்கு மின்னேற்றும் டைனமோ, இருக்கைகளுக்குப் பின்னால் இரண்டு ஆறு வோல்ட் பேட்டரிகள், பாசிட்டிவ் எர்த் இணைப்பு (பேட்டரியின் பாசிட்டிவ் முனை வண்டியின் உடலோடு இணைந்திருப்பது), முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் (கியர் மாற்றத்தை எளிதாக்கும் அமைப்பு) இல்லாத நான்கு கியர் பெட்டி ஆகிய அனைத்தும் அதில் உள்ளன. ஓட்டிப் பார்த்தபோது மனம் நிறைந்தது. ஆனால் நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் சென்றதும் எஞ்சினின் இரைச்சல் களைப்பைத் தந்தது.

இரண்டாவது வண்டியில் 18வி வகையைச் சேர்ந்த பிற்கால எஞ்சின், ஃபோர்டின் ஐந்து கியர் பெட்டி, டைனமோவுக்குப் பதிலாக ஆல்டர்னேட்டர், மின்னணு இக்னிஷன், ஒற்றை வெபர் கார்புரேட்டர் ஆகியவை பொருத்தப்பட்டு, நிறமும் மாற்றப்பட்டிருக்கிறது. நெடுஞ்சாலையில் இது அமைதியாகச் செல்கிறது. இருந்தாலும் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதிக்கும்போது ஒரு கணம் திணறிவிட்டுத்தான் வேகமெடுக்கிறது.

ஆண்டுக்குச் சுமார் 5000 கிலோமீட்டர் ஓட்ட நினைக்கிறேன். மழையில் சிக்க நேர்ந்தால் சிக்கிக்கொள்ளவும் தயார். அசல் வண்டியை வாங்கி அதில் கைவைத்தால் ஒரு நல்ல பொருளைக் கெடுத்தவன் ஆவேனோ என்ற அச்சமும், மாற்றிய வண்டியை வாங்கினால் எம்ஜிபி என்ற பெயரை மட்டும் வாங்கியவன் ஆவேனோ என்ற தயக்கமும் சேர்ந்து என்னை முடிவெடுக்க விடவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1

வணக்கம். அசல் என்ற ஒரே சொல்லால் இரண்டு வெவ்வேறு விஷயங்களைக் குறிக்கிறோம் என்பதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. கழற்றி மாட்டக்கூடிய பாகங்கள் பழையபடி இருப்பது ஒன்று. ஒருமுறை போனால் திரும்பாத தகடு, முதற்பெயின்ட், இருக்கைத் தோல், தொழிற்சாலை வெல்டிங் ஆகியவை அப்படியே இருப்பது இன்னொன்று. டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் வைத்தவர் பழைய டைனமோவைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்திருந்தால், ஒரு பிற்பகல் வேலையில் அதைத் திரும்பப் பொருத்திவிடலாம். வேறு கியர் பெட்டிக்கு இடம் தேடி, இருக்கைகளுக்கு நடுவே அந்தப் பெட்டியை மூடியிருக்கும் சுரங்கத் தகட்டை வெட்டியவர் செய்ததை அப்படி மாற்றிவிட முடியாது. ஆகவே இரண்டாவது வண்டியில் எத்தனை மாற்றங்கள் உள்ளன என்று எண்ணிக்கொண்டிருப்பதைக் காட்டிலும், அவற்றில் எவையெல்லாம் உலோகத்தை வெட்டிச் செய்யப்பட்டவை என்று பார்ப்பதே பயன் தரும். 1967ஆம் ஆண்டின் இறுதியில் எல்லாக் கியர்களுக்கும் சிங்க்ரோமெஷ் கொண்ட பெட்டி வந்தபோது தொழிற்சாலையே அந்தச் சுரங்கத்தை அகலப்படுத்தியது. உங்களுடையது அதற்கு முந்தைய குறுகிய சுரங்கம். எனவே தரைவிரிப்பைத் தூக்கி அந்த இடத்தைக் கண்ணால் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

முதல் வண்டியைப் பற்றி விற்பவர் சொல்வதையும் அப்படியே ஏற்க வேண்டாம். 1966ஆம் ஆண்டுத் திறந்த காரின் சேசிஸ் எண் ஜிஹெச்என்3 என்று தொடங்க வேண்டும். எஞ்சின் எண் 18ஜிபி என்று தொடங்க வேண்டும். ஆனால் எஞ்சின் எண் ஒரு சிறு தகட்டில் பொறிக்கப்பட்டு எஞ்சின் பிளாக்கில் ரிவெட் அடிக்கப்பட்டிருக்கும். தகட்டைக் கழற்றி வேறு பிளாக்கில் அடிப்பது கடினமான காரியமல்ல என்பதால் ரிவெட்டுகளின் தலை புதிதாகப் பளபளக்கிறதா என்று கவனியுங்கள். எம்ஜிபி தயாரான அபிங்டன் தொழிற்சாலையின் பதிவேடுகள் இங்கிலாந்தின் கேடன் கிராமத்திலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகத்தின் காப்பகத்தில் இருக்கின்றன. அங்கு கட்டணம் செலுத்தி விண்ணப்பித்தால், வண்டி எந்த நாளில், எந்த நிறத்தில், எந்த எஞ்சினோடு வெளியேறியது என்பதற்கான சான்றிதழ் பெறலாம். விற்பவரின் நினைவைவிட அந்தத் தாளுக்கு மதிப்பு அதிகம்.

பதில் 2

மேலே சொல்லப்பட்டதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அசலா மகிழ்ச்சியா என்ற கேள்விக்கு முன்னால் துரு என்ற கேள்வி இருக்கிறது. எம்ஜிபிக்கு முன் வந்த எம்ஜிஏவில் தனிச் சேசிஸ் இருந்தது. எம்ஜிபியில் உடலே சேசிஸ். கதவுகளுக்குக் கீழே இருபுறமும் ஓடும் சில் பகுதிதான், அதுவும் கூரையில்லாத இந்த வகையில், வண்டியை வளையாமல் தாங்குகிறது. வெளித் தகடு, உள் தகடு, நடுவில் ஒரு தடுப்புத் தகடு, அடியில் ஒரு சட்டம் எனப் பல அடுக்குகளாக அது கட்டப்பட்டிருக்கிறது. ஈரம் உள்ளே தங்கி உள்ளிருந்தே அரித்துக்கொண்டு வரும். வெளியே தெரியும்போது உள்ளே பெரும்பாலும் ஒன்றும் மிச்சமிருக்காது.

சோதிக்கும் விதத்தைச் சொல்கிறேன். கதவைத் திறந்து வைத்து இடைவெளியைப் பாருங்கள். பிறகு மூடி, கதவின் பின்விளிம்பில் மேலும் கீழும் ஒரே அளவு இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். வண்டியை ஒரு பக்கமாக ஜாக்கியில் ஏற்றும்போது அந்த இடைவெளி சுருங்கினாலோ, கதவு இறுகித் திறக்க மறுத்தாலோ, உடல் தன் எடையையே தாங்க முடியாத நிலையில் இருக்கிறது என்று பொருள். அடுத்து, முன் மட்கார்டின் அடிப்பகுதி சில்லோடு சேரும் இடத்தில் ஒரு மூட்டுக்கோடு தெரிய வேண்டும். அது பட்டி பூசி மறைக்கப்பட்டிருந்தால், அழுகிய சில்லை வெட்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுத் தகட்டை ஒட்ட வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். நான் வாங்கிய முதல் எம்ஜிபி அப்படிப்பட்டதுதான். மின்னும் பெயின்ட்டில் மயங்கி வாங்கிய அந்த வண்டியை ஓட்டியதைவிட வெல்டிங் செய்யும் இடத்தில் வைத்திருந்த மாதங்கள்தான் அதிகம். அந்த வருத்தம் இன்னொருவருக்கு வரக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

இரண்டாவது வண்டியின் திணறலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். எஸ்யூ இரட்டையை எடுத்துவிட்டு ஒற்றை வெபர் வைத்த வண்டிகளில் இது அடிக்கடி கேட்கும் குறை. இன்டேக் மேனிஃபோல்டின் கேஸ்கெட்டில் காற்று கசிகிறதா, கார்புரேட்டரின் ஆக்சிலரேட்டர் பம்ப் வேலை செய்கிறதா, டிஸ்ட்ரிப்யூட்டருக்கான வேக்குவம் குழாய் சரியான இடத்தில் இணைக்கப்பட்டிருக்கிறதா என்ற மூன்றையும் பார்த்தால் காரணம் பெரும்பாலும் அகப்பட்டுவிடும். இது வண்டியை நிராகரிக்கும் அளவுக்குப் பெரிய குறையல்ல.

பதில் 3

என் அனுபவம் சற்று வேறுபட்டது. யாரும் கைவைக்காத, முதற்பெயின்ட்டோடு கூடிய ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் என்னிடம் ஆறு ஆண்டுகள் இருந்தது. அதை வாங்கியதற்காக நான் வருந்தவில்லை. ஆனால் அதை ஓட்டினேன் என்றும் சொல்ல முடியாது. மேகம் கறுத்தால் வெளியே எடுக்க மாட்டேன். சரளைக்கல் சாலை என்றால் சுற்றுவழியில் போவேன். இருக்கையின் பழந்தோலில் ஒரு தையல் விட்டபோது பல நாட்கள் மனம் சரியில்லை. அந்த வண்டியின் அருமை முழுவதும் அதன் தேயாத மேற்பரப்பில் இருந்தது. ஒவ்வொரு பயணமும் அதிலிருந்து சிறிது எடுத்துச் செலவழித்தது. கடைசியில் அதைப் பேணத் தெரிந்த ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, முன்பே ஒருமுறை முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் தேயத் தொடங்கியிருந்த ஒரு வண்டியை வாங்கினேன். அதைத்தான் இன்றும் மழையிலும் ஓட்டுகிறேன்.

ஆகவே உங்கள் முதல் வண்டி உண்மையிலேயே தீண்டப்படாததாக இருந்தால், ஆண்டுக்கு 5000 கிலோமீட்டர் ஓட்டும் உங்களுக்கு அது ஏற்றதல்ல என்பதே என் கருத்து. இதை நான் ஒழுக்கப் பிரச்சினையாகச் சொல்லவில்லை. அத்தகைய வண்டிகள் குறைந்துகொண்டே வருகின்றன. 1966இல் அபிங்டனில் தகடுகளை எப்படிச் சேர்த்தார்கள், பெயின்ட்டை எந்த இடங்களில் அடிக்காமல் விட்டார்கள் என்பதைப் புதுப்பிப்பவர்கள் அவற்றைப் பார்த்துத்தான் கற்கிறார்கள். அப்படிப்பட்ட ஒன்று ஓடித் தேய்வதைவிட, நீங்கள் வேறொன்றில் மனநிறைவோடு ஓடுவது உங்களுக்கும் அந்த வண்டிக்கும் நல்லது.

பதில் 1, மீண்டும்

மூன்றாம் பதிலில் உள்ள கருத்து எனக்குத் தோன்றாமல் போனது, ஏற்கிறேன். அதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். நெடுஞ்சாலை இரைச்சலுக்கு ஐந்து கியர் பெட்டி மட்டுமே தீர்வு என்று எண்ண வேண்டாம். 1963 முதலே லேகாக் ஓவர்டிரைவ் என்ற கூடுதல் கியர் அமைப்பு இந்த வண்டிக்குத் தொழிற்சாலை விருப்பத் தேர்வாகக் கிடைத்தது. மூன்றாம், நான்காம் கியர்களில் ஒரு சுவிட்சைத் தட்டினால் எஞ்சின் சுழற்சி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும். மணிக்கு 100 கிலோமீட்டரில் நிமிடத்துக்குச் சுமார் 3500 சுற்றுகள் என்பது 2800 ஆக இறங்குவதை உடனே காதில் உணரலாம். அதே காலத்து ஓவர்டிரைவ் பெட்டி கிடைத்தால் எதையும் வெட்டாமல் பொருத்தலாம். கழற்றிய பெட்டியை எண்ணெய் பூசிப் பத்திரப்படுத்தலாம். அந்த ஆண்டில் ஒருவர் புதிதாக வாங்கியிருக்கக்கூடிய வண்டியாகவே அது இருக்கும்.

கண்ணுக்குத் தெரியாத மாற்றங்களும் உண்டு. ஈயம் கலந்த பெட்ரோலை நம்பி வடிவமைக்கப்பட்ட சிலிண்டர் ஹெட்டில், எக்ஸாஸ்ட் வால்வுகள் வந்து அமரும் இடத்தில் கடினமாக்கப்பட்ட வளையங்களைப் பதித்தால் இன்றைய பெட்ரோலில் கவலையின்றி ஓடும். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களைக் கரைப்பதால் அவற்றை மாற்றுவதை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. பிரேக் விஷயத்தில் அசல் என்ற சொல்லுக்கே இடமில்லை. அன்றைய அமைப்பு ஒரே சுற்றில் இயங்குவது. ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரங்களிலும் பிடிப்பு போய்விடும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு வண்டிகளையும் மீண்டும் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

இரண்டாவது வண்டியின் தரைவிரிப்பைத் தூக்கியதும் சுரங்கத் தகடு வெட்டப்பட்டு, மேலே ஒரு பெட்டி போல வேறு தகடு வெல்டிங் செய்யப்பட்டிருப்பது தெரிந்தது. மூட்டுக்கோடு இருக்க வேண்டிய இடத்தில் பட்டிதான் இருந்தது. ஜாக்கியில் ஏற்றலாமா என்று கேட்டபோது விற்பவர் சம்மதிக்கவில்லை. கழற்றிய பாகங்கள் ஒன்றும் அவரிடம் இல்லை. அந்த வண்டியை விட்டுவிட்டேன்.

முதல் வண்டியில் மூட்டுக்கோடு தெளிவாக இருந்தது. ஜாக்கியில் ஏற்றியபோது கதவு இலகுவாகத் திறந்து மூடியது. சான்றிதழும் வந்துவிட்டது, எஞ்சின் எண் பொருந்துகிறது. ஆனால் பெயின்ட்டின் தடிமனை அளக்கும் கருவியை இரவல் வாங்கிச் சென்றிருந்தேன். கதவுகளிலும் மட்கார்டுகளிலும் அது காட்டிய அளவு, டிக்கியின் உட்புறத்தில் காட்டியதைப் போல் இருமடங்குக்கு மேல் இருந்தது. பின்விளக்கைக் கழற்றிப் பார்த்தபோது ரப்பரின் ஓரத்தில் மேற்பூச்சின் விளிம்பு தெரிந்தது. நெடுங்காலத்துக்கு முன் யாரோ அதே நிறத்தில் மறுபடி பெயின்ட் அடித்திருக்கிறார்கள். இருக்கைத் தோலும் ஓட்டுநர் பக்கத்தில் மட்டும் மாற்றப்பட்டதே. விற்பவருக்கே இது தெரிந்திருக்கவில்லை என்று நினைக்கிறேன். விலையைக் குறைத்துக்கொண்டார்.

அதைக் கண்டுபிடித்த அன்று ஏமாற்றமாகத்தான் இருந்தது. வீடு திரும்பும் வழியில் மூன்றாம் பதிலை நினைத்துக்கொண்டபோது அது நிம்மதியாக மாறியது. நான் தேய்த்துவிடுவேனோ என்று பயந்த மேற்பரப்பு முன்பே போய்விட்டது. வெட்டுப்படாத தகடும், தன்னோடு பிறந்த எஞ்சினும் அதில் இருக்கின்றன. அவை ஓட்டுவதால் குறையப் போவதில்லை. முன்பணம் கொடுத்துவிட்டேன். முதல் வேலை பிரேக் குழாய்களும் பெட்ரோல் குழாய்களும். ஓவர்டிரைவ் பெட்டியை அவசரப்படாமல் தேடப் போகிறேன். ஒரு சிறு சந்தேகம் மிச்சம் இருக்கிறது: பாசிட்டிவ் எர்த்தை நெகட்டிவாக மாற்ற வேண்டுமா?

பதில் 2

வாழ்த்துகள். புது ரேடியோ போன்றவற்றைப் பொருத்தும் எண்ணம் இல்லையென்றால் மாற்ற வேண்டாம். மாற்றினால் டைனமோவின் துருவத்தையும் மாற்றியமைக்க வேண்டும். எஞ்சின் சுழற்சியைக் காட்டும் அந்த ஆண்டின் மின்னணு டாக்கோமீட்டரும் தலைகீழ் இணைப்பைத் தாங்காது. பானட்டைத் திறந்ததும் கண்ணில் படும்படி பாசிட்டிவ் எர்த் என்று பெரிதாக எழுதி ஒரு அட்டையைக் கட்டி வையுங்கள். வழியில் பேட்டரி இறங்கி, உதவ வருபவர் தன் வண்டியிலிருந்து ஒயர் கொடுக்கும்போது முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.