பார்வையில்லாத மாணவனை விளையாட்டு வகுப்பில் எப்படிச் சேர்ப்பது?

கேள்வி:
கலைக் கல்லூரி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். இந்த வருடம் பி.ஏ. சேர்ந்த ஒரு தம்பிக்குப் பார்வை முழுவதும் இல்லை. பள்ளியில் பி.டி. பீரியட் வந்தாலே வேப்பமரத்தடியில் உட்கார வைத்து, எல்லாருடைய பைகளையும் மடியில் கொடுத்துவிட்டுப் போவார்களாம். "ஓடினா எப்படி இருக்கும்னே தெரியாது சார்" என்றான். கேட்டதிலிருந்து மனசு ஆறவில்லை. எங்கிருந்து ஆரம்பிக்கலாம்? தனிக் கருவி வாங்கப் பணம் கிடையாது.

பதில் 1:
சார், நானும் பார்வை இல்லாதவன், மரத்தடியில் உட்கார்ந்தே பள்ளியை முடித்தவன். முதல் நாளே ஓட விடாதீர்கள். மைதானத்தைச் சுற்றி நடத்திக் கூட்டிப்போங்கள், கோல் போஸ்ட், தண்ணீர்க் குழாய், பள்ளம் எல்லாவற்றையும் அவன் தொட்டுப் பார்க்கட்டும். அப்புறம் ஒரு ஷூ லேஸ் போதும். ஒரு முனை அவன் கையில், மறுமுனை கூட ஓடுபவர் கையில், நடுவில் ஒரு சாண் இடைவெளி. இருவரும் கைவீச்சு ஒன்றாக வரும்வரை நடந்து பழகணும். கூட ஓடுபவர் இழுக்கவே கூடாது, போட்டி விதியும் அதுதான். "வளைவு வருது, மூணு, ரெண்டு, ஒண்ணு" என்று வாய் ஓயாமல் சொல்லணும். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் பார்வைக் குறைபாடுள்ள இந்திய வீராங்கனை சிம்ரன் 200 மீட்டரில் வெண்கலம் வாங்கியது இப்படி வழிகாட்டியோடு ஓடித்தான். இன்னொன்று, "இப்படிச் செய்" என்று செய்து காட்டினால் எங்களுக்கு ஒன்றும் புரியாது. "முழங்காலை இடுப்பு உயரத்துக்குத் தூக்கு" என்று சொல்லுங்கள். கையைப் பிடித்துச் சொல்லித்தருவதாக இருந்தால் முதலில் அவனைக் கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

பதில் 2:
கோல்பால் ஆடவையுங்கள், மணி வைத்த பந்தின் சத்தத்தைக் கேட்டு, அதை எதிரணியின் கோலுக்குள் உருட்டும் ஆட்டம் அது. போரில் கண்ணிழந்த வீரர்களுக்காக 1946இல் உருவான ஆட்டம், அணிக்கு மூன்று பேர், 18 மீட்டருக்கு 9 மீட்டர் களம். எல்லாரும் கண்ணைக் கட்டிக்கொள்வதால் பார்வையுள்ள பசங்களும் சமமாக இறங்கலாம். மணி வைத்த பந்து இல்லையா, பழைய கூடைப்பந்தை பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டி உருட்டுங்கள், சரசரவென்று சத்தம் வரும். கோட்டுக்கு, தரையில் சணல் போட்டு மேலே டேப் ஒட்டினால் காலாலேயே தெரியும். ஆட்டம் நடக்கும்போது சுற்றி நிற்பவர்கள் வாய் திறக்கக் கூடாது, அது மட்டும் கண்டிப்பு.

பதில் 3:
சரி, அதற்கு முன்னால் கண் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். விழித்திரைப் பிரச்சினை, கண் அழுத்தம் இருப்பவர்களுக்கு அதிக எடை தூக்குவது, தலைகீழாக நிற்பது ஆகாமல் போகலாம்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. இன்று சாயங்காலம் சுற்றி நடந்தோம். இரண்டாவது சுற்றிலேயே "இங்க தரை சரியுது சார்" என்றான், இத்தனை வருடம் நான் கவனிக்காத சரிவு. கூட ஓட மூன்று பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். லேஸ் வாங்கியாச்சு, டாக்டரிடம் திங்கட்கிழமை போகிறோம்.